மூன்று நிறக் கடற்பாசியில் அடுக்குகள் பிரிகின்றன, மேலடுக்கு உறையவில்லை: உதவி தேவை

கேள்வி

வணக்கம். வரும் சனிக்கிழமை எங்கள் வீட்டில் நோன்பு திறக்க 20 பேர் வருகிறார்கள். அவர்களில் 6 பேர் சைவம். வழக்கமான ஒற்றை நிறக் கடற்பாசி (அகர் அகர்) இனிப்புக்குப் பதிலாக, கீழே ரோஜா சர்பத், நடுவே தேங்காய்ப்பால், மேலே ஆரஞ்சுச் சாறு என்று மூன்று அடுக்காக ஊற்றிச் சதுரத் துண்டுகளாக வெட்டி வைக்க விரும்பி, நேற்று ஒத்திகை பார்த்தேன். ஒவ்வோர் அடுக்குக்கும் 500 மில்லி திரவத்துக்கு 5 கிராம் கடற்பாசி இழை சேர்த்தேன். ரோஜா அடுக்கைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மணி நேரம் வைத்து, நன்றாக இறுகிய பிறகுதான் தேங்காய்ப்பாலை ஊற்றினேன். ஆனாலும் வெட்டியபோது இரண்டும் சீட்டுக்கட்டுபோலத் தனித்தனியே வழுக்கி விழுந்தன. வெள்ளை அடுக்கின் அடியில் கண்ணாடிபோல ஒரு பட்டையும் தெரிந்தது. ஆரஞ்சுச் சாற்றிலேயே இழையைப் போட்டுக் கொதிக்கவைத்த மேலடுக்கோ, இரவு முழுவதும் வைத்தும் கூழாகவே இருந்தது. எங்கே தவறினேன் என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1

கடற்பாசியை விட்டுவிட்டு ஜெலட்டின் பயன்படுத்திப் பாருங்கள். வாயில் வைத்தவுடன் கரையும். அடுக்குகளும் எளிதில் ஒட்டிக்கொள்ளும்.

மறுமொழி 2

மேலே சொன்னவரை மறுப்பதற்கு மன்னிக்கவும். இந்த விருந்துக்கு ஜெலட்டின் பொருந்தாது. அது விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவதால் சைவ விருந்தினர் உண்ண மாட்டார்கள். நோன்பு திறப்பவர்களும் அது ஹலாலா என்று கேட்பார்கள். வாயில் கரைகிறது என்பதே அதன் பலவீனமும்கூட: 30 முதல் 35 பாகை செல்சியஸுக்குள் உருகிவிடும் ஒன்றை நம் ஊர்க் கோடையில் மேசைமேல் எவ்வளவு நேரம் வைக்க முடியும்? கடற்பாசி 85 பாகையை நெருங்கினால்தான் உருகும். (1881ஆம் ஆண்டு ஜெர்மனியில் வால்தர் ஹெஸ்ஸே நுண்ணுயிர்களை ஜெலட்டின்மேல் வளர்க்க முயன்று, அது உருகிப்போய்த் திண்டாடியபோது, அவருடைய மனைவி ஃபேனி ஹெஸ்ஸே தம் சமையலறை ஜெல்லிக்குப் பயன்படுத்திய அகர் அகரைப் பரிந்துரைத்தார். இன்றும் ஆய்வகங்களில் அதுதான்.)

சகோதரி, உங்கள் அளவில் குறையில்லை. ஒரு லிட்டருக்கு 10 கிராம் என்பது சரியான கணக்கே. காத்திருந்த நேரம்தான் கூடிவிட்டது. முழுவதும் இறுகிய கடற்பாசியின் மேல் மெல்லிய நீர்ப்படலம் கசிந்து நிற்கும். அதன்மேல் எதை ஊற்றினாலும் பிடிக்காது. கீழடுக்கின் மேற்பரப்பு ஏடு கட்டி, விரலால் தொட்டால் சற்றே ஒட்டி, தட்டை அசைத்தால் உள்ளே தளதளவென்று ஆடும் பதத்தில் அடுத்ததை ஊற்ற வேண்டும். ஊற்றப்படுவதும் கை பொறுக்காத சூட்டில், ஏறக்குறைய 60 பாகையில், இருக்க வேண்டும். ஆறிப்போனதை ஊற்றினால் ஒட்டாது, கொதிப்பதை ஊற்றினால் கீழடுக்கைத் துளைக்கும். கரண்டியின் முதுகில் விழுமாறு மெதுவாக ஊற்றுங்கள். ஒருவேளை கீழடுக்கு இறுகிவிட்டால், மெல்லிய துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்து, முள்கரண்டியால் லேசாகக் கீறிவிட்டு ஊற்றினால் ஓரளவு தப்பிக்கலாம்.

மறுமொழி 3

ஆரஞ்சு உறையாததற்குக் காரணம் புளிப்பு. புளிப்புச் சாற்றோடு சேர்ந்து கொதிக்கும்போது கடற்பாசியின் உறையும் வலு சிதைந்துவிடுகிறது. பிறகு எத்தனை நாள் வைத்தாலும் திரும்பாது. 250 மில்லி தண்ணீரில் இழையை அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு நூல்கூடத் தெரியாத அளவுக்குக் காய்ச்சி, அதன்பிறகே சர்க்கரையைச் சேருங்கள். அடுப்பிலிருந்து இறக்கி, வெதுவெதுப்பாக்கிய 250 மில்லி சாற்றைக் கலந்து வடிகட்டுங்கள். குளிர்ந்த சாற்றை நேராக ஊற்றினால் அங்கங்கே கட்டி தட்டும்.

தேங்காய்ப்பாலுக்கும் இதே முறைதான். கெட்டிப்பாலைக் கொதிக்கவிட்டால் எண்ணெய் பிரியும். கண்ணாடிப் பட்டை தோன்றியது வேறொரு காரணத்தால்: அதிகச் சூட்டில் ஊற்றி அசையாமல் விட்டதால், உறைவதற்குள் கொழுப்பு மேலே மிதந்து நீர்ப்பகுதி கீழே தங்கிவிட்டது. ஊற்றும் சூட்டுக்கு ஆறும்வரை கிளறிக்கொண்டே இருந்தால் இது நேராது. சிலர் அந்த இரட்டைத் தோற்றத்துக்காகவே வேண்டுமென்று அப்படி விடுவதுண்டு. எனக்கும் அது அழகாகத்தான் படுகிறது, ஆனால் மூன்று நிறத்துக்கு நடுவே குழப்பும்.

பாகுக்குப் பதம் பார்ப்பதுபோல இதற்கும் பார்க்கலாம். குளிரவைத்த எவர்சில்வர் தட்டில் ஒரு கரண்டி ஊற்றுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் உறைந்துவிட்டால் சரி. புளிப்புச் சேராத அடுக்கு தளர்வாக இருந்தால், மீண்டும் உருக்கி, தனியே காய்ச்சிய கடற்பாசிக் கரைசல் சிறிது சேர்த்துக்கொள்ளலாம்.

கேட்டவர்

மிக்க நன்றி. இன்று பாதி அளவில் செய்து பார்த்தேன். மூன்றும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டன, ஆரஞ்சும் உறைந்துவிட்டது. இன்னும் இரண்டு சந்தேகங்கள். ரோஜா அடுக்கில் போட்ட மாதுளை முத்துகள் எல்லாம் அடியில் தங்கிவிட்டன. முதல் நாளே வெட்டி வைக்கலாமா?

மறுமொழி 2

ரோஜாக் கலவையில் பாதியை ஊற்றி, ஏடு கட்டியதும் முத்துகளைத் தூவி, சூடாக வைத்திருக்கும் மீதியை மேலே ஊற்றுங்கள். மீதி ஆறிவிடாமல் இருக்க, அந்தப் பாத்திரத்தை வெந்நீர் நிரம்பிய அகலமான சட்டியில் இறக்கி வையுங்கள். அடுத்த அடுக்குகளுக்கும் இது உதவும். முதல் நாளே ஊற்றி, மூடி, குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். உறைபெட்டிக்குள் வைத்தால் நீர் விட்டுத் தக்கையாகிவிடும். வெட்டுவதை மட்டும் பாங்குக்கு அரை மணி நேரம் முன்பு வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் வெட்டிய பக்கமெல்லாம் நீர் கசியும். கத்தியை ஒவ்வொரு முறையும் வெந்நீரில் முக்கித் துடைத்து, இழுக்காமல் நேராக அழுத்தி வெட்டுங்கள்.