ஈட்ரிஸ் சந்தா: பின்லாந்து தொடர்ந்து கட்ட வேண்டுமா?

வடதுருவன்:
பின்லாந்தில் வரி கட்டுகிறவன் என்ற முறையில் கேட்கிறேன். ஆய்வகத்தில் கண்டுபிடித்ததை மருந்தாகவோ பரிசோதனையாகவோ நோயாளியிடம் கொண்டு சேர்க்க ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து நடத்தும் அமைப்பு ஈட்ரிஸ். தலைமையகம் ஆம்ஸ்டர்டாமில். 2013 நவம்பரில் அதற்கு எரிக் என்ற ஐரோப்பியச் சட்ட வடிவம் கிடைத்தது, பின்லாந்து அப்போதிலிருந்தே உறுப்பு நாடு. வருஷா வருஷம் சந்தா போகிறது. பதிலுக்கு என்ன வருகிறது? ஈட்ரிஸுக்குச் சொந்தமாக ஒரு ஸ்கேனர் கிடையாது, ஒரு ஆய்வக மேசை கிடையாது. கருவிகள் எல்லாம் உறுப்பு நாடுகளின் பல்கலைக்கழகங்களிலும் மருத்துவமனைகளிலும் ஏற்கெனவே இருப்பவைதான். மருந்து கண்டுபிடிக்கவா நமக்குத் தெரியாது? இன்று உலகம் முழுக்க ஐசியூவில் போடுகிற டெக்ஸ்மெடெடோமிடின் என்ற மயக்க மருந்து 1980களில் துர்கு நகரத்து பார்மோஸ் கம்பெனியில் பிறந்தது. பார்க்கின்சனுக்கான என்டகாபோன் ஓரியன் என்ற நம் நாட்டு மருந்து கம்பெனியுடையது. புராஸ்டேட் புற்றுநோய்க்கான டாரோலூட்டமைடும் ஓரியன் பேயரோடு சேர்ந்து கொண்டுவந்ததுதான், 2019இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இதில் எதற்கும் ஆம்ஸ்டர்டாமில் ஒரு அலுவலகம் தேவைப்படவில்லை. அந்தப் பணத்தை நம் ஐந்து பல்கலைக்கழக மருத்துவமனைகளுக்கு நேரடியாகக் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

செல்விழி:
அண்ணா, நீங்கள் சொன்ன மூன்றும் கம்பெனி மருந்துகள். நச்சுத்தன்மை சோதிக்கிறவர், தரமாகத் தயாரிக்கிறவர், அனுமதிக்கு விண்ணப்பம் எழுதுகிறவர் எல்லாரும் கம்பெனிக்குள்ளேயே இருப்பார்கள். பல்கலைக்கழகத்தில் அப்படி இல்லை. ஒரு புரதத்தைத் தடுத்தால் கட்டி சுருங்குகிறது என்று எலியில் காட்டிய குழுவில் இருப்பது பேராசிரியர், இரண்டு முனைவர் பட்ட மாணவர்கள், ஒரு டெக்னீஷியன், அவ்வளவுதான். அடுத்து என்ன சோதனை செய்ய வேண்டும், மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எதைக் கேட்கும், மனிதருக்குக் கொடுக்கும் தரத்தில் யார் தயாரித்துத் தருவார்கள் என்று அவர்கள் யாரிடம் போய்க் கேட்பார்கள்? கட்டுரை வெளிவந்ததோடு வேலை நின்றுவிடுகிறது, அந்த இடத்துக்காகத்தான் இந்த அமைப்பே இருக்கிறது. அப்புறம் 2012இல் ஆம்ஜென் மருந்து கம்பெனிக்காரர்கள் நேச்சர் இதழில் எழுதியதையும் நினைத்துப் பாருங்கள். முக்கியமானவை என்று பேசப்பட்ட 53 புற்றுநோய் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்ததில் 6 மட்டும்தான் தேறின. முதல் கட்டத்திலேயே சரியான ஆளிடம் சரியான கேள்வி கேட்டிருந்தால் எவ்வளவு பணமும் எவ்வளவு வருஷமும் மிஞ்சியிருக்கும்.

எஸ்போ இளங்கோ:
ஆலோசனை வேண்டும் என்றால் காசு கொடுத்து ஆலோசகரை வைத்துக்கொள்ளலாமே விழி, அதற்கு நாடே உறுப்பாக வேண்டுமா? 2013இல் ஈட்ரிஸ் எரிக் வடிவம் பெற்றபோது ஜெர்மனி சேரவில்லை. ஆனால் கொரோனா தடுப்பூசி மைன்ஸ் நகரத்து பயோஎன்டெக்கிலிருந்துதான் வந்தது. ஜெர்மனியை விடுங்கள், நம் பின்ஜென்னையே எடுத்துக்கொள்வோம். 2017இல் தொடங்கினார்கள். பல்கலைக்கழகங்கள், ஆராய்ச்சிக்காக ரத்த, திசு மாதிரிகளைச் சேமித்து வைக்கும் பயோபேங்குகள், வெளிநாட்டு மருந்து கம்பெனிகள் எல்லாம் ஒரே திட்டத்தில் சேர்ந்து 5 லட்சம் பேரின் மரபணுத் தகவலைத் திரட்டின. நமக்கு 2013இலேயே பயோபேங்க் சட்டம் இருந்தது, தலைமுறை தலைமுறையாக ஒழுங்காக வைத்த மருத்துவப் பதிவேடுகள் இருந்தன, அதனால் கம்பெனிகள் நம்மைத் தேடி வந்தன. வலு இருக்கிற இடத்துக்குக் கூட்டாளி தானாக வருவான்.

குவோப்பியோ டாக்டர்:
இளங்கோ, ஜெர்மனி சேராததற்கும் நமக்கும் சம்பந்தமில்லை. 2009இலிருந்து பல தேசிய சுகாதார ஆய்வு மையங்களைத் தன் செலவில் அமைத்துக்கொண்ட நாடு அது. நாம் 56 லட்சம் பேர்.

பின்ஜென் பெரிய சாதனை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு நோய்க்கு எந்த மரபணு காரணம் என்று காட்டுவதோடு அதன் வேலை பெரும்பாலும் முடிகிறது. ஸ்கேன் சமாச்சாரம் ஒன்று சொல்கிறேன், துர்குவில் பெட் ஸ்கேன் மையம் எவ்வளவு பெயர் பெற்றது என்று உங்களுக்கே தெரியும். அந்த ஸ்கேனுக்கு உடலுக்குள் கொஞ்சம் கதிரியக்கப் பொருள் செலுத்துவார்கள், அங்கே அதிகம் பயன்படுகிற கார்பன்-11 இருபது நிமிடத்தில் பாதியாகிவிடும், வேறு ஊருக்கு அனுப்பவே முடியாது. ஃப்ளோரின்-18 என்றால் 110 நிமிடம். ஆனால் ஒரு ஆன்டிபாடி மருந்து கட்டிக்குள் போய்ச் சேர்கிறதா என்று பார்க்க நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும், அதற்காக அதன்மேல் சிர்கோனியம்-89 ஒட்டுவார்கள், அதன் அரை ஆயுள் மூன்று நாளுக்குச் சற்று மேல். இந்த மாதிரி ஆய்வுக்கு ஒரு ஊரில் போதுமான நோயாளிகள் கிடைக்க மாட்டார்கள். நாலைந்து நாட்டு மருத்துவமனைகள் சேர வேண்டும். அங்கேதான் சிக்கல். ஒரே நோயாளியை ஆம்ஸ்டர்டாம் ஸ்கேனரும் துர்கு ஸ்கேனரும் பார்த்து ஆளுக்கொரு எண்ணைச் சொன்னால் அந்த ஆய்வில் சேர்ந்த யாருடைய தரவும் உதவாது. சிர்கோனியம் ஸ்கேன்களை மையத்துக்கு மையம் ஒத்துப்போக வைக்கும் வேலையை ஈட்ரிஸின் இமேஜிங் பிரிவு எடுத்துச் செய்திருக்கிறது. இதற்கு எந்த நாட்டு அரசும் தனியாக நிதி ஒதுக்காது, கம்பெனியும் தன் போட்டியாளருக்காகச் செய்யாது.

குழந்தைப் புற்றுநோயும் அப்படித்தான். பின்லாந்து முழுவதும் வருஷத்துக்குச் சுமார் 150 குழந்தைகள். அதை வகை வகையாகப் பிரித்தால் சில வகைகளில் விரல் விட்டு எண்ணலாம். தனியாக நின்று எந்தச் சிகிச்சையை நிரூபிக்கப் போகிறோம்?

வடதுருவன்:
டாக்டர், ஸ்கேன் விஷயம் எனக்குப் புதிது, அதன் நியாயம் புரிகிறது. ஆனாலும் கேள்வி தீரவில்லை. 2023 ஜனவரியிலிருந்து மருத்துவமனைகள் நலச்சேவை மாவட்டங்கள் என்ற புதிய வட்டார அமைப்புகளின் கையில் போய்விட்டன, எல்லா இடத்திலும் பற்றாக்குறை. சந்தாவைக் கட்டுவது ஆராய்ச்சி நிதி, வேலை நடக்க வேண்டியது வேறொருவர் பட்ஜெட்டில். நோயாளி வரிசையில் காத்திருக்கும்போது ஒரு மருத்துவருக்கு வாரத்தில் ஒரு நாள் ஆராய்ச்சிக்கு ஒதுக்க எந்த மாவட்டம் சம்மதிக்கும்? அப்புறம் சிகிச்சைக்காகச் சேர்த்த தரவை ஆராய்ச்சி போன்றவற்றுக்குப் பயன்படுத்துவது பற்றிய 2019இன் இரண்டாம்நிலைப் பயன்பாட்டுச் சட்டம். நோயாளித் தரவுக்கு பின்டேட்டா என்ற அரசு அமைப்பிடம் அனுமதி வாங்க வேண்டும், பரிசோதித்துச் சான்று பெற்ற பாதுகாப்பான கணினிச் சூழலுக்குள்தான் கையாள வேண்டும். வெளிநாட்டுக் கூட்டாளியோடு வேலை செய்கிறவர்கள் இதைப் பற்றி எவ்வளவு புலம்புகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நேரமும் தரவும் இப்படி முடங்கிக் கிடக்கும்போது உறுப்பினர் அட்டை மட்டும் எதற்கு?

செல்விழி:
நீங்கள் சொன்ன இரண்டு தடையும் உண்மை, தினமும் அதோடுதான் மல்லுக்கட்டுகிறோம். ஆனால் ஈட்ரிஸை விட்டு விலகினால் அந்த இரண்டில் எது சரியாகும்? தரவு விஷயத்தில், சுகாதாரத் தரவை நாடுகளுக்கிடையே பகிர்வதற்கான ஐரோப்பிய சுகாதாரத் தரவு வெளி ஒழுங்குமுறை 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வந்துவிட்டது, இனி வரும் வருஷங்களில் எல்லா நாடும் அதற்கேற்ப மாற வேண்டும். அந்த நேரத்தில் பேச்சு நடக்கும் மேசையில் நாம் இருக்க வேண்டாமா?

எங்கள் குழுவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ரத்தத்தில் ஒரு புரதத்தை அளந்து மருந்து வேலை செய்யுமா என்று முன்கூட்டியே சொல்லும் சோதனை. எங்களிடம் அழகாக வந்தது, இன்னொரு நாட்டுக் கூட்டாளி ஆய்வகத்தில் வரவே இல்லை. ரத்தம் எடுத்து எத்தனை மணி நேரம் கழித்து உறையவைத்தார்கள் என்பதுதான் வித்தியாசம், அதைக் கண்டுபிடிக்கவே மாதக்கணக்காகியது. 2020இலிருந்து 2023வரை நடந்த ஈட்ரிஸ்-பிளஸ் திட்டத்தில் செக் நாட்டு ஓலோமௌட்ஸில் ஆரோக்கியமான 127 பேரிடம் மாதிரி எடுத்து, அதே ஆட்களின் டிஎன்ஏ, ஆர்என்ஏ, புரதம், வளர்சிதைப் பொருள்கள் என்று பல ஆய்வகங்களில் அளந்தார்கள். ஆரோக்கியமானவர்களிடமே எந்த அளவு எவ்வளவு ஏறி இறங்கும் என்று தெரிந்தால்தான் நோயாளியிடம் வரும் மாற்றத்தை நம்ப முடியும். இந்த மாதிரி அடிப்படை வேலைக்கு விருது கிடைக்காது, தலைப்புச் செய்தியும் வராது. ஆனால் எங்களுக்கு அது முன்பே கையில் இருந்திருந்தால் அந்த மாதங்கள் வீணாகியிருக்காது.

எஸ்போ இளங்கோ:
அந்தத் திட்டத்தின் முடிவுகளும் கருவிகளும் எல்லாருக்கும் திறந்தவைதானே? உறுப்பு இல்லாத நாட்டுக்காரரும் எடுத்துப் பயன்படுத்தலாம். என் நெருடலே அதுதான். நாம் கட்டுகிறோம், கட்டாதவரும் அனுபவிக்கிறார்.

குவோப்பியோ டாக்டர்:
அனுபவிக்கட்டும், நோயாளிக்குத்தானே போகிறது. ஆனால் எந்த நோயை முதலில் எடுப்பது, எந்த அளவுகோலை வைப்பது என்று முடிவு செய்யும்போது உள்ளே இருப்பவர்தான் பேச முடியும். சல்லா நோய் மாதிரி பின்லாந்தில் மட்டும் அதிகம் தென்படுகிற பரம்பரை நோய்கள் கிட்டத்தட்ட நாற்பது இருக்கின்றன. அவற்றுக்காக வேறு எந்த நாட்டுப் பிரதிநிதி வாதாடுவார்?

மரபணு சிகிச்சையிலும் இதே கதைதான். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு 2022 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அட்ஸ்டிலாட்ரின் எங்கள் குவோப்பியோவில் தயாராகிறது. மரபணுவைச் செல்லுக்குள் சுமந்து செல்லும் வைரஸ் வெக்டர் தயாரிக்கத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள் என்பது போர்ச்சுகலில் இருக்கும் ஒரு சின்னக் குழுவுக்கு எப்படித் தெரியும்? அவர்களை இங்கே கொண்டுவந்து சேர்க்கும் வழி இதுதான்.

வடதுருவன், நீங்கள் மருத்துவர் நேரத்தைப் பற்றிச் சொன்னதை மட்டும் நான் அப்படியே ஏற்கிறேன். சந்தாவுக்கு மேல் மருத்துவமனை ஆராய்ச்சி நேரத்துக்கென்று தனி நிதி வேண்டும், அதை மாவட்டம் வேறு செலவுக்குத் திருப்ப முடியாதபடி கட்டிக் கொடுக்க வேண்டும்.

வடதுருவன்:
அந்த நிதி வராவிட்டால் சந்தாவையும் நிறுத்தச் சம்மதிப்பீர்களா?

குவோப்பியோ டாக்டர்:
மாட்டேன். நிதி வரும்வரை அமைச்சகத்தோடு சண்டை போடுவேன், உள்ளே இருந்துகொண்டே.

வடதுருவன்:
அங்கேதான் நாம் வேறுபடுகிறோம். மூன்று வருஷம் கெடு வைத்து, மருத்துவருக்கு நேரம் கிடைத்ததா என்று கணக்குக் கேட்டு, இல்லையென்றால் வெளியே வர வேண்டும் என்பேன்.