புதுப்பிப்பு: அல்பினோ ஜோடிக்குச் சாதாரண நிறக் குஞ்சுகள் பிறந்த கதை

என் லெப்பர்ட் கெக்கோ (செல்லமாக வளர்க்கும் ஒரு பல்லி இனம்) ஜோடி இரண்டுமே அல்பினோ (கறுப்பு நிறமி இல்லாதவை), ஆனால் பொரிந்த நான்கு குஞ்சுகளும் கறுப்புப் பட்டையோடு இருக்கின்றன, விற்றவர் ஏமாற்றிவிட்டாரா என்று முன்பு கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது. யாரும் ஏமாற்றவில்லை, நான்தான் கேட்காமல் விட்டேன்.

லெப்பர்ட் கெக்கோவில் அல்பினோ என்பது ஒரே வகை இல்லை. ட்ரெம்பர், பெல், ரெயின்வாட்டர் என்று மூன்று தனித்தனி வகைகள் உண்டு. மூன்றுமே ஒடுங்கு மரபணுக்கள். ஒரே வகை மரபணு தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்தால்தான் நிறம் வெளுக்கும். என் ஆண் ட்ரெம்பர் வகை, பெண் பெல் வகையாம். அதனால் ஒவ்வொரு குஞ்சுக்கும் இரண்டிலும் ஒவ்வொரு பிரதிதான் கிடைத்தது. கறுப்பு நிறமி வழக்கம்போல உருவாகிவிட்டது. பார்வைக்குச் சாதாரணம், உள்ளே இரண்டு அல்பினோவும் ஒளிந்திருக்கின்றன!

இந்தக் குஞ்சுகளை ஒன்றோடொன்று இணைத்தால் சராசரியாக 16-இல் 7 அல்பினோவாகப் பிறக்கும். ஆனால் எது ட்ரெம்பர், எது பெல் என்று கண்ணால் உறுதியாகச் சொல்ல முடியாது. வாங்குபவருக்கும் என் குழப்பமே மிஞ்சும். எனவே இனப்பெருக்கம் கிடையாது, வீட்டுச் செல்லமாகவே வளரட்டும்.

அப்புறம், வளரும் குஞ்சின் பட்டை உடைந்து புள்ளியாகிறதே, நோயா என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. குஞ்சில் பட்டை, வளர்ந்தால் புள்ளி. இந்த இனத்தின் இயல்பே அதுதான்.