முன்னூறாவது இடத்தில் இருக்கும் டென்னிஸ்காரரைப் பார்த்திருக்கிறீர்களா?

கட்டிங்காரர்:

இருபது வருடமாக டென்னிஸ் மட்டைக்கு நரம்பு போடுகிறேன். எங்கள் தொழிலில் இதற்குக் கட்டிங் (gutting) என்று பெயர். வெளியே சொன்னால் நம் ஊரில் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள், அதனால் பெண் பார்க்கப் போனபோதுகூட 'ஸ்போர்ட்ஸ் கடை' என்று சொல்லிச் சமாளித்தேன். அது கிடக்கட்டும்.

ஃபெடரரைப் பார்த்த கதை, நடால் சென்னைக்கு வந்தபோது கூட்டத்தில் சட்டை கிழிந்த கதை எல்லாம் நிறையப் படித்தாகிவிட்டது. தரவரிசையில் 250, 400, 700 என்று இருப்பவர்களைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் எழுதுங்கள். பெயர் போட வேண்டாம். முதலில் நான்.

ஒரு பிப்ரவரியில் நுங்கம்பாக்கத்தில் சேலஞ்சர், அதாவது பெரிய போட்டிகளுக்கு ஒரு படி கீழே இருக்கும் போட்டி, நடந்த வாரம். திங்கட்கிழமை சாயங்காலம் கடையை மூடப் போகும் நேரத்தில் ஒரு ஐரோப்பியர் வந்தார். தகுதிச்சுற்றில் தப்பிப் பிழைத்து முதன்மைச் சுற்றுக்கு வந்தவர், மறுநாள் ஆட்டம். ஸ்டேடியத்திலேயே நரம்பு போடுபவர் உண்டு, ஆனால் என்னிடம் கூலி குறைவு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

பையில் மூன்று மட்டை. மூன்றிலும் நரம்பு தளர்ந்திருந்தது. 'ஒன்று போதும்' என்றார். நரம்பும் அவருடையது, பெரிய சுருள். ஒரு சுருளில் 200 மீட்டர் இருக்கும், மட்டைக்கு 12 மீட்டர் போகும், ஆகப் பதினாறு மட்டை. அந்தச் சுருளின் பக்கவாட்டில் பேனாவால் கோடு கோடாகப் போட்டு வைத்திருந்தார், பால்காரர் கணக்கு மாதிரி. பதினொரு கோடு. நான் வேலையை முடித்ததும் சுருளை வாங்கிப் பன்னிரண்டாவது கோட்டைப் போட்டுவிட்டுத்தான் காசை எடுத்தார்.

நரம்பை எத்தனை கிலோ இறுக்கத்தில் இழுக்க வேண்டும் என்று கேட்டேன். 'காலை ஆட்டம் என்றால் 22 கிலோ. மத்தியானம் என்றால் 23.' வெயில் ஏறினால் பந்து பறக்கும், நரம்பு கொஞ்சம் இறுக்கமாக இருந்தால்தான் கோட்டுக்குள் விழும். ஆனால் ஆட்டம் எப்போது என்று அவருக்கு இன்னும் தெரியாது. பெரிய ஆள் என்றால் இரண்டு மட்டையில் இரண்டு விதமாகப் போட்டு எடுத்துக்கொண்டு போவார். இவர் ஐந்து நிமிடம் யோசித்து 22½ என்றார்.

பந்துபொறுக்கி:

கட்டிங் அண்ணா, நான் பள்ளியில் படிக்கும்போது அதே ஸ்டேடியத்தில் பந்து எடுத்துக் கொடுத்தவன். 2024 இல் நம்ம சுமித் நாகல் சேலஞ்சர் கோப்பை வாங்கியதும் அங்கேதான். இறுதி ஆட்டத்தில் லூகா நார்டியை 6-1, 6-4 என்று முடித்தார், அதோடு முதல் நூறுக்குள் நுழைந்தார். முந்தைய வருடம் வங்கிக் கணக்கில் 900 யூரோதான் இருக்கிறது என்று பேட்டி கொடுத்த ஆள். அன்றைக்கு அவரைப் பார்க்க வந்த கூட்டத்தை எல்லோரும் எழுதிவிட்டார்கள்.

நான் சொல்ல வந்தது வேறொரு வருடத்தில் பார்த்த ஆளைப் பற்றி. தகுதிச்சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்றுவிட்டார். நான் அந்த கோர்ட்டில்தான் நின்றேன், பார்க்க ஏழு பேர்கூட இல்லை. மறுநாள் காலையில் போனால் அதே ஆள், ஆடுகிற உடுப்போடு, ஷூ லேஸ் இறுக்கிக் கட்டி, கோர்ட்டுக்கு வெளியே நிழலில் உட்கார்ந்திருக்கிறார். தோற்றவர் எதற்கு வந்தார் என்று எனக்குப் புரியவில்லை. எங்கள் மேற்பார்வையாளர்தான் சொன்னார்: முதன்மைச் சுற்றில் யாராவது காய்ச்சல், கால்வலி என்று விலகினால் தகுதிச்சுற்றின் கடைசியில் தோற்றவர்களில் ஒருவருக்கு அந்த இடம் போகும். லக்கி லூசர் என்பார்கள். அதற்குக் காலையிலேயே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுக் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு ஆட்டம் தொடங்கும்போதும் அவர் எழுந்து இரண்டு தடவை குதித்து, காலை உதறி, ஆட்டக்காரர்கள் இருவரும் கோர்ட்டுக்குள் போவதைப் பார்த்துவிட்டு மறுபடி உட்காருவார். மத்தியானம் ஒரு வாழைப்பழம் மட்டும் சாப்பிட்டார். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டால், திடீரென்று கூப்பிட்டால் ஓட முடியாதே. சாயங்காலம் கடைசி முதல்சுற்று ஆட்டத்தில் முதல் பந்து போட்ட பிறகுதான் குனிந்து லேஸை அவிழ்த்தார்.

நம்ம பிரஜ்னேஷ் குணேஸ்வரனுக்கு 2020 ஆஸ்திரேலிய ஓப்பனில் இப்படித்தான் இடம் கிடைத்தது. முதல் சுற்றில் ஜப்பானின் டட்சுமா இட்டோ. ஜெயித்திருந்தால் அடுத்து ஜோகோவிச். மூன்று செட்டில் தோற்றார். எனக்கு அன்றைக்கு வேறு யாரும் ஞாபகம் வரவில்லை, அந்த வாழைப்பழ ஆள்தான்.

ஜெர்மனி அக்கா:

நாங்கள் இருப்பது ஒரு சின்ன ஊர். இங்கே ஊருக்கு ஊர் டென்னிஸ் கிளப், கிளப்புகளுக்கு இடையே லீக். கோடையில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். மேல்மட்ட அணிகள் வெளிநாட்டு ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டு ஆட வைத்து ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கொடுப்பார்கள். உலகத் தரவரிசையில் இருக்கும் பலருக்கு வருடச் செலவில் பெரும் பகுதி இதிலிருந்துதான் வருகிறது. வாரம் முழுக்க எங்கேயோ ஆடிவிட்டு, சனிக்கிழமை ரயில் ஏறி வந்து, ஞாயிறு ஆடிக் காசை வாங்கிக்கொண்டு திங்கள் கிளம்பிவிடுவார்கள்.

அப்படி வந்த ஒரு பையன் எங்கள் வீட்டில் மூன்று இரவு தங்கினான். வந்ததும் கேட்டது இரண்டே கேள்வி: வைஃபை பாஸ்வேர்ட் என்ன, வாஷிங் மெஷின் போடலாமா. நான்கு வாரத் துணி! சாம்பார் சாதம் வைத்தேன், மூன்று தட்டு சாப்பிட்டான். ஊரைச் சுற்றிக் காட்டட்டுமா என்றால் வேண்டாம், தூங்க வேண்டும் என்றான்.

துணி காய்கிற நேரத்தில் லேப்டாப்பைத் திறந்து ஒரு அட்டவணையைக் காட்டினான். எந்த வாரம் எத்தனை புள்ளி 'விழும்' என்ற கணக்கு. டென்னிஸ் தரவரிசையில் வாங்கிய புள்ளி 52 வாரம்தான் நிற்கும். போன வருடம் இதே வாரம் அரையிறுதி வரை போயிருந்தால், இந்த வருடம் அதே அளவு சம்பாதித்தால்தான் இருக்கிற இடத்தில் இருக்கலாம். அட்டவணையில் ஒரு வாரம் மட்டும் சிவப்பில் இருந்தது. போன வருடம் ஒரு போட்டியை ஜெயித்த வாரமாம். ஜெயித்த வாரத்தைப் பார்த்து ஒருவன் பயப்படுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிரஜ்னேஷும் நீண்ட காலம் இங்கே ஜெர்மனியில், ஆஃபன்பாக்கில் பயிற்சி எடுத்தவர்தான். முழங்கால் எலும்பில் கீறல் விட்டு வருடக்கணக்கில் ஆட முடியாமல் கிடந்து, பிறகு 2019 இல் 75 ஆவது இடம் வரை போனார். அதைச் சொன்னதும் பையன், 'முழங்காலுக்கு என்ன செய்தார்?' என்று கேட்டான். ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உள்ளதைச் சொல்பவன்:

எல்லாம் சரி, யாரும் கையைப் பிடித்து இழுத்து ஆடச் சொல்லவில்லையே? ஏதோ தியாகிகள் மாதிரி எழுதுகிறீர்கள். தெருமுனை டீக்கடைக்காரர் இதைவிடக் கஷ்டப்படுகிறார். டென்னிஸ் ஆடவே வசதி வேண்டும்.

ஒரு புள்ளி:

மேலே எழுதிய நண்பருக்கு: வசதி வேண்டும் என்பது உண்மை. என் அப்பா விற்ற மனை அதற்குச் சாட்சி. அதனால் தியாகி என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். கணக்கை மட்டும் சொல்கிறேன்.

நான் இரண்டு வருடம் அடிமட்டத்தில் ஆடினேன். மொத்தம் வாங்கியது ஒரே ஒரு ஏடிபி புள்ளி (ஏடிபி என்பது ஆண்கள் டென்னிஸ் தரவரிசையை நடத்தும் அமைப்பு). அந்த மட்டத்துப் போட்டிக்கு எம்15 என்று பெயர், மொத்தப் பரிசு 15,000 டாலர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கோப்பையே வாங்கினாலும் 2,160 டாலர். முதல் சுற்றில் தோற்றால் 156 டாலர், புள்ளி கிடையாது. தகுதிச்சுற்றில் தோற்றால் ஒன்றுமில்லை, நுழைவுக் கட்டணத்தையும் நாம்தான் கட்ட வேண்டும். அந்தப் பக்கம் 2019 ஆஸ்திரேலிய ஓப்பனில் முதல் சுற்றில் தோற்றவருக்கு 75,000 ஆஸ்திரேலிய டாலர். கிரிக்கெட்டோடு ஒப்பிட வேண்டுமா? ரஞ்சியில் புதிதாக வரும் பையனுக்கு ஒரு நாளைக்கு 40,000 ரூபாய், ரூமும் டிக்கெட்டும் சங்கத்தின் செலவு.

சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பே 2013 ஆம் வருடக் கணக்கைப் பார்த்தது. பயிற்சியாளர் சம்பளத்தைச் சேர்க்காமலே ஆண் ஆட்டக்காரருக்கு வருடச் செலவு சராசரி 38,800 டாலர். வரவும் செலவும் சரிக்குச் சரியாவது 336 ஆவது இடத்தில். அதற்குக் கீழே இருப்பவர் கைக்காசு போட்டுத்தான் ஆடுகிறார். 2024 இல் ஏடிபி குறைந்தபட்ச வருமான உத்தரவாதம் கொண்டுவந்தது, அந்த வருடம் 176 முதல் 250 வரை இருந்தவருக்கு 75,000 டாலர். நல்ல விஷயம். 251 ஆவது ஆள் என்ன பாவம் செய்தார் என்று மட்டும் கேட்காதீர்கள்.

நாங்கள் ஆடப் போகும் ஊர்கள் எகிப்தின் ஷர்ம் எல் ஷேக், துனிசியாவின் மொனாஸ்டிர், துருக்கியின் அண்டால்யா. கடற்கரை விடுதிகள், வாரத்துக்கு வாரம் அதே இடத்தில் போட்டி. சுற்றுலாப் பயணிகள் நீச்சல் குளத்தில் கிடப்பார்கள், நாங்கள் நான்கு அடி தள்ளிப் புள்ளிக்கு அடித்துக்கொள்வோம். பந்து எடுத்துப் போட ஆள் கிடையாது. ஒரு தடவை நான் டை-பிரேக்கில் சர்வ் போடப் போகும்போது வெளியே ஒருவர் மைக்கில் ஏரோபிக்ஸ் ஆரம்பித்துவிட்டார். தோற்று ரூமுக்குப் போனால் போனில் யாரோ முன்பின் தெரியாதவனிடமிருந்து மெசேஜ், என் அம்மாவை இழுத்துக் கெட்ட வார்த்தை. என் மேல் பந்தயம் கட்டியிருக்கிறான்! அந்தத் திடலில் என் ஆட்டத்தைப் பார்த்தது ஒரு பூனை. உலகத்தில் எங்கோ ஒருவன் என்னை நம்பிக் காசு போட்டிருக்கிறான் என்பதில் ஒரு நிமிடம் பெருமையாகக்கூட இருந்தது. ரூமில் என்னோடு தங்கியவன், அன்றைக்குக் காலையில் என்னைத் தோற்கடித்தவன், விழுந்து விழுந்து சிரித்தான். வாடகையைப் பங்கு போடுவதால் வேறு ரூமுக்கும் போக முடியாது.

நம்ம சென்னை ஆட்டக்காரர் ராம்குமார் ராமநாதனைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. 2017 இல் அண்டால்யாவில் டொமினிக் தீம் என்ற ஆட்டக்காரரை வென்றவர், அப்போது தீம் முதல் பத்தில் இருந்தார். 2018 இல் அமெரிக்காவின் நியூபோர்ட்டில் இறுதி வரை போனார், அந்த வருடம் தரவரிசையில் 111 ஆவது இடம் வரை ஏறினார். கிராண்ட் ஸ்லாம் தகுதிச்சுற்றில் இருபது தடவைக்கு மேல் ஆடியும் ஒற்றையர் முதன்மைச் சுற்று கிடைக்கவில்லை. ஆறு சேலஞ்சர் இறுதிகளில் தோற்று, 2021 நவம்பரில் பஹ்ரைனின் மனாமாவில் ஏழாவதில் ஜெயித்தார். ஒரு தடவை தோற்றதற்கே நான் மூன்று நாள் யாரிடமும் பேசவில்லை.

பந்துபொறுக்கி:

கட்டிங் அண்ணா, அந்த 22½ கிலோ ஆள் மறுநாள் ஜெயித்தாரா? பாதியில் விட்டுவிட்டீர்களே.

கட்டிங்காரர்:

மன்னிக்கணும் தம்பி, கடையில் கூட்டம்.

மறுநாள் நாலு மணிக்கு வந்தார். மீதி இரண்டு மட்டையையும் மேஜையில் வைத்தார். ஜெயித்துவிட்டார் என்று நினைத்து நானும் கையை நீட்டி வாழ்த்துச் சொல்லிவிட்டேன். குலுக்கிக்கொண்டே, இல்லை, தோற்றுவிட்டேன் என்றார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ராத்திரி ரயிலில் பெங்களூரு போகிறாராம், அடுத்த சேலஞ்சர் அங்கே. அங்கே கூலி எவ்வளவோ, இங்கேயே முடித்துக்கொண்டு போய்விடலாம் என்று வந்திருக்கிறார்.

22½ போடட்டுமா என்றேன். 'வேண்டாம், 23½. பெங்களூரு மேட்டு ஊர், பந்து இன்னும் பறக்கும்.' டீ வாங்கிக் கொடுத்தேன், சர்க்கரை போடாமல் குடித்தார். முடித்ததும் சுருளைக் கேட்டு வாங்கி இரண்டு கோடு போட்டார். பதினான்கு.