ஸ்விங் கீல்: தமிழில் என்ன? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

ஓலைப்பொறி:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பழைய பாய்மரப் படகை வாங்கிச் சீர்செய்து ஓட்டுவது பற்றிய கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். காருக்குப் பின்னால் டிரெய்லரில் கட்டி இழுத்துப்போய், சரிவில் தண்ணீருக்குள் இறக்கி, பாய்மரத்தை அங்கேயே நிமிர்த்தி ஓட்டுகிற சின்னப் படகு. முக்கால்வாசி முடிந்துவிட்டது. ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

படகின் வயிற்றுக்குக் கீழே பாரமான தகடு ஒன்று நீண்டு நிற்கும். காற்று பக்கத்தில் தள்ளும்போது படகு நழுவாமலும் கவிழாமலும் பிடித்துக்கொள்வது அதுதான். அது அசையாத தகடாக இருந்தால் டிரெய்லரில் ஏற்றுவது பெரும்பாடு. அதனால் ஒரு முனையில் ஆணி கோத்து, கம்பியால் இழுத்தால் மேலே மடங்கும்படி வைத்திருக்கிறார்கள். 1970களில் பெருகிய கேட்டலினா 22 படகில் தகட்டை ஏற்றினால் 60 செ.மீ. ஆழம் போதும், இறக்கினால் ஒன்றரை மீட்டர் வேண்டும். வார்ப்பிரும்புத் தகடு மட்டுமே 250 கிலோ பக்கம். இதற்குப் பெயர் ஸ்விங் கீல்.

ஒலிபெயர்த்து விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நம்மிடம் ஏற்கெனவே கதவுக் கீல் இருக்கிறதே! இந்த அத்தியாயமோ அந்தத் தகடு மாட்டியிருக்கும் கீலைப் பற்றியது. ‘கீலின் கீல் தேய்ந்திருந்தால் கீலைக் கழற்றிவிட்டுக் கீலை இறக்குக’ என்று எழுதிப் பார்த்தேன். எனக்கே கீல்வாதம் வந்துவிட்டது.

பி.கு.: மொழிபெயர்ப்பு மென்பொருள் டிரெய்லர் படகை ‘முன்னோட்டப் படகு’ ஆக்கியிருந்தது. சினிமா டிரெய்லர் என்று நினைத்துக்கொண்டது போல.

வேர்தேடி:

ஐயா, எதற்கு இவ்வளவு தயக்கம்? கீல் நம் சொல்தான். படகுக்குக் கீழே இருப்பது கீழ். மேலைநாட்டார் வாயில் ழகரம் வராது, அதனால் கீல் ஆயிற்று. ‘கட்டுமரம்’ போகவில்லையா? அதே கப்பலில் இதுவும் போயிருக்கும். நம் பொருளை நாமே திரும்ப வாங்க வெட்கம் என்ன? ‘ஆடுகீழ்’ என்று வையுங்கள்.

ஒற்றுப்பிழை:

> அதே கப்பலில் இதுவும் போயிருக்கும்

வேர்தேடி ஐயா கோபிக்கக் கூடாது. கட்டுமரம் போனதற்குச் சான்று உண்டு. கீல் பழைய நோர்ஸ் மொழியின் ‘கியோல்ர்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. வட கடலில் ஓடியவர்கள் தங்கள் படகின் அடிமரத்துக்குப் பெயர் வைக்க நம்மிடம் கடன் கேட்டிருக்க மாட்டார்கள். ஒலி ஒத்தால் உறவு என்று கொண்டால் கீரையும் கீரியும் அண்ணன் தம்பி.

அப்புறம், கீலுக்கு இன்னொரு பொருளும் உண்டு: மரக்கலத்தின் இடுக்குகளை அடைக்கப் பூசும் தார். ஆக, ‘கீலின் கீலுக்குக் கீல் பூசுக’ என்றுகூட எழுதலாம். ஓலைப்பொறி பாவம்.

என் கருத்து: அகராதியில் ‘ஏரா’ இருக்கிறது. கப்பலின் அடிமரம் என்று பொருள். இருக்கிற சொல்லை விட்டுவிட்டு எதற்குப் புதிதாகக் காய்ச்ச வேண்டும்? ஸ்விங் என்றால் ஊசல். எனவே ‘ஊசல் ஏரா’.

வேர்தேடி:

ஏராவா! மிகச் சிறப்பு. ஏர் நிலத்தை உழுகிறது, ஏரா நீரை உழுகிறது. அகநானூறு 255இல் வங்கம், அதாவது கப்பல், ‘பெருங்கடல் நீரிடைப் போழ’ என்று வருகிறதே. போழ்தல் என்றால் பிளத்தல். உழுவதும் பிளப்பதுதானே? இதை விரித்தால் உழவும் கடலோட்டமும் ஒரே வேரில்...

(இன்னும் நான்கு பத்தி எழுதியிருந்தேன். தனி மடலாக அனுப்புகிறேன்.)

ஓலைப்பொறி:

மிக்க நன்றி ஐயா, தனி மடலே அனுப்புங்கள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு.

துருப்பிடித்தவன்:

இதுவரை பேசாமல் படித்துக்கொண்டிருந்தேன். என்னிடம் இப்படி ஒரு பழைய படகு உண்டு. ‘ஊசல்’ மட்டும் வேண்டாம், கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். இந்தத் தகடு ஊசல்போல ஆடினால் அதுதான் கோளாறு.

வாங்கிய புதிதில், சின்ன அலையில் படகு இடமும் வலமும் உருளும்போதெல்லாம் வயிற்றுக்கு அடியில் டொக்... டொக்... என்று யாரோ கதவைத் தட்டுவதுபோல் கேட்கும். ஒருநாள் டிரெய்லரிலிருந்து படகைத் தூக்கி முட்டுக்கொடுத்து, தகட்டை ஜாக்கியில் தாங்கி, ஆணியை உருவிப் பார்த்தோம். வட்டமாக இருக்கவேண்டிய துளை முட்டை வடிவத்தில் இருந்தது. விரலை விட்டால் ஓரத்தில் படிபோல் தட்டுகிறது. ஆணியின் நடுவில் பள்ளம் விழுந்து இடுப்பு சிறுத்திருந்தது. துளையைப் பெரிதாக்கி வெண்கல புஷ் (துளைக்குள் செருகும் குழல்) அடித்து, புது ஆணி போட்ட பிறகுதான் தட்டுவது நின்றது.

தகட்டின் துருவோ பட்டை பட்டையாக உரிந்தது. சுரண்டிச் சாம்பல் நிற இரும்பு தெரிந்ததும் அன்றைக்கே எப்பாக்சி பூசிவிட வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் மேலே செம்மஞ்சள் படர்ந்திருந்தது. திரும்ப முதலிலிருந்து சுரண்டினேன். என் புனைபெயர் வந்த கதை அதுதான்.

ஆக, நல்ல தகடு ஆடாது, மடங்கும். மடக்குக் கத்தியின் அலகு பிடிக்குள் போகிறதே, அதே மாதிரி. ‘மடக்கு’ என்று ஏதாவது பாருங்கள்.

ஒற்றுப்பிழை:

ஏற்கிறேன். மடக்கு + ஏரா = மடக்கேரா. வினைத்தொகை. மடக்கிய, மடக்குகிற, மடக்கும் ஏரா, மூன்று காலமும் அடங்கும். இன்னொரு வசதி: மடக்குக் கத்தியா, மடக்கு கத்தியா என்று ஒற்றுக்காக அடித்துக்கொள்கிறோமே, அந்தத் தொல்லை இங்கே இல்லை. ஏரா உயிரெழுத்தில் தொடங்குவதால் உகரம் பேசாமல் ஒதுங்கிவிடும்.

பாய்விரி:

எல்லாரும் அகராதியைப் புரட்டுகிறீர்கள். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை கடல் தொழில். பாய் விரித்துப் போகும் கட்டுமரத்தில் நீரில் இறக்க ஒரு பலகை இருக்கும். தாத்தா ‘பலகையை இறக்கு’, ‘பலகையை ஏத்து’ என்பார். அவ்வளவுதான். மடக்கேரா என்று அவரிடம் சொல்லியிருந்தால் என்ன மீன் என்று கேட்டிருப்பார்.

துருப்பிடித்தவன்:

பாய்விரி சொல்வது நியாயம்தான். ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. பலகை நழுவலைத் தடுக்கும், பாரம் தராது. இந்தத் தகடு இரண்டும் செய்கிறது. படகு சாய்ந்தால் இதன் எடைதான் திரும்ப நிமிர்த்தும். எடை இல்லாத பலகை இறங்குகிற டிரெய்லர் படகுகளும் தனியாக இருக்கின்றன. ‘பலகை’யை அதற்கு வைத்துக்கொண்டால் இரண்டும் குழம்பாது.

பாய்விரி:

மரம் கவிழ்ந்தால் நாங்களே நிமிர்த்திக்கொள்வோம், அதற்கு இரும்பு எதற்கு? சரி, விடுங்கள். பொருள் வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். சொல் பிடிக்கவில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன்.

வேர்தேடி:

இந்தப் படகே வள்ளுவருக்கு எதிரானது என்பதை யாரும் கவனிக்கவில்லையே! ‘கடலோடா கால்வல் நெடுந்தேர் கடலோடும் நாவாயும் ஓடா நிலத்து’ என்றார். இதுவோ நிலத்திலும் ஓடுகிறது. ‘நிலமோடி நாவாய்’ என்று பெயர் வைத்தால் என்ன?

ஒற்றுப்பிழை:

நிலத்தில் நாவாய் ஓடவில்லை ஐயா, டிரெய்லர்தான் ஓடுகிறது. வள்ளுவர் தப்பித்தார். ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும்’ என்று டிரெய்லருக்கும் சேர்த்தே எச்சரித்திருக்கிறார்.

துருப்பிடித்தவன்:

அச்சு மட்டும் இல்லை, பேரிங்கும்தான். நெடுந்தூரம் இழுத்துவந்த சூட்டோடு சக்கரத்தைத் தண்ணீரில் இறக்கினால், உள்ளிருக்கும் காற்று சட்டெனச் சுருங்கித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கிரீஸ் பால்போல் வெளுத்துவிடும். கொஞ்சம் ஆறவிட்டு இறக்குங்கள் என்று கையேட்டில் இல்லாவிட்டால் சேர்த்துவிடுங்கள்.

வேர்தேடி:

புறநானூறு 102இல் உப்பு வணிகரான உமணர் வண்டிக்கு அடியில் கட்டிப்போன ‘சேம அச்சு’, அதாவது உதிரி அச்சு, நினைவுக்கு வருகிறது. உதிரிச் சக்கரத்துக்குச் சேமச்சக்கரம் என்றால் எவ்வளவு அழகு! இதற்குத் தனி இழை தொடங்கலாமா?

வகுப்பறை:

இவ்வளவு நேரம் படித்த ஒரு வாத்தியாரின் எளிய கேள்வி. ஏரா என்றால் என் மாணவர் யாருக்கும் தெரியாது. தெரியாத கீலுக்குப் பதில் தெரியாத ஏரா. இதில் யாருக்கு லாபம்? ‘மடக்கு அடித்தகடு’ என்றால் படிக்கும்போதே படம் வந்துவிடுமே.

ஒற்றுப்பிழை:

தெரியாத சொல் புழங்கினால் தெரிந்துவிடும். ‘கணினி’ யாருக்குத் தெரிந்திருந்தது? ‘அடித்தகடு’ என்றால் படகின் தரையில் பதித்த தகடு என்றும் கொள்ளலாம். மேலும் பழைய படகுகளில் அது மரம்.

வகுப்பறை:

என் மாணவரிடம் மரமும் இல்லை, படகும் இல்லை, கேள்விதான் இருக்கிறது. என் வாக்கு அடித்தகட்டுக்கே.

ஓலைப்பொறி:

வியாழன் இரவு ஆகிவிட்டது. எண்ணிப் பார்த்தேன். மடக்கேராவுக்கு மூன்று, என்னையும் சேர்த்து. அடித்தகடு ஒன்று, பலகை ஒன்று. வேர்தேடி ஐயா தகட்டுக்கே இரண்டு சொல்லுக்கு வாக்களித்திருக்கிறார். கடைசியாகச் சொன்ன ஏராவை எடுத்துக்கொண்டேன்.

நூலின் உடலில் ‘மடக்கு ஏரா’ என்று பிரித்தே எழுதுகிறேன். சேர்த்து எழுதினால் திருத்துபவர் ‘மடக் கேரா’ என்று பிரித்துவிடுவாரோ என்று பயம். முதல் இடத்தில் மட்டும் ‘ஸ்விங் கீல் எனப்படும் மடங்கும் அடித்தகடு’ என்று ஒரு வரி விளக்கம் உண்டு. வகுப்பறை அதில் மனம் ஆறவேண்டும். தகடு மாட்டியிருக்கும் கீலுக்கு ‘சுழலாணி’. கீல் என்ற சொல் நூல் முழுக்க ஒரே ஒரு தடவைதான் வருகிறது.

ஒற்றுப்பிழை:

பிரித்து எழுதுவது பிழை இல்லை. ஆனால் அழகும் இல்லை.

பாய்விரி:

நூல் வரட்டும், வாங்குகிறேன். பாறை தட்டும்போது படகில் இருப்பவர் ‘மடக்கு ஏராவை மடக்கு’ என்று சொல்லி முடிப்பதற்குள் அது தானாகவே மடங்கியிருக்கும்.

துருப்பிடித்தவன்:

அதற்குத்தானே ஆணி வைத்திருக்கிறார்கள்.