தனி ஆளாக ஒரு மெயில் ஆப் வெளியிட்டேன்: வரும் கருத்துகளில் எதை முதலில் எடுப்பது?

நள்ளிரவுத்_தபால் கேட்டது:

வணக்கம். பகலில் வேறு வேலை. இரவில் உட்கார்ந்து ஒரு மெயில் கிளையண்ட் எழுதி, லினக்ஸுக்கும் விண்டோஸுக்கும் வெளியிட்டிருக்கிறேன். கம்பெனி கிடையாது, முதலீடு கிடையாது. ஐமேப் (சர்வரில் உள்ள மெயிலைப் படிக்கும் நெறிமுறை) வழியாக மெயிலை இறக்கி, பயனரின் கணினியிலேயே எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் வைத்து, அதன் தேடல் பகுதியான எஃப்டிஎஸ்5 கொண்டு தேடுகிறது. நடுவில் என் சர்வர் என்று எதுவும் இல்லை. அதைச் சொல்லித்தான் ஆள் பிடிக்கிறேன்.

கருத்துகள் குவிகின்றன. பெரும்பாலும் வசதி கேட்பவைதான்: காலண்டர் வேண்டும், நீள மெயிலைச் சுருக்கித் தர ஏஐ வேண்டும், போனுக்கு எப்போது, டார்க் மோடிலும் மெயிலின் உள்பக்கம் மட்டும் ஏன் வெள்ளையாக அடிக்கிறது. இவற்றுக்கு நடுவே, கொஞ்சம்தான் என்றாலும், தலையும் வாலும் புரியாத புகார்கள் சில.

ஒருவர் "சென்னை" என்று தேடினால் "சின்ன", "சொன்ன" உள்ள மெயில்கள் எல்லாம் வருகின்றன என்கிறார். செய்து பார்த்தேன், உண்மைதான். ஆங்கிலத்தில் தேடினால் ஒரு குறையும் இல்லை. இன்னொருவருக்குத் தமிழ் சப்ஜெக்ட் வரியில் நடுவே ஓர் எழுத்து மட்டும் கேள்விக்குறி போட்ட கறுப்புக் கட்டமாகிறது. எல்லா மெயிலிலும் இல்லை, சிலவற்றில் மட்டும். மூன்றாமவரை ஜிமெயில் வாரத்துக்கு ஒரு தடவை வெளியே தள்ளி மறுபடி லாகின் கேட்கிறது. ஜிமெயில்காரர்கள் கேட்கக் கேட்க அவர்கள் முகவரியை டெவலப்பர்களுக்கான கூகுள் கன்சோலில் டெஸ்ட் பயனராக நானே சேர்த்துவருகிறேன்.

அப்புறம் ஒருவர்: "நாளைக்கு நீங்க கடையைச் சாத்திட்டா என் மெயில் என்ன ஆகும்?" இதற்கு இன்னும் பதில் எழுதவில்லை.

அதிகம் பேர் கேட்பதால் காலண்டரில் இறங்கலாமா? நீங்கள் என்றால் எதை எடுப்பீர்கள்?

பழைய_டெர்மினல்:

காலண்டரைத் தூக்கி ஓரமாக வையுங்கள். காலண்டர் கேட்பவர் உங்கள் ஆப் பிடித்துப்போய்க் கேட்கிறார், அவர் காத்திருப்பார். தேடிய மெயில் கிடைக்காதவர் காத்திருக்க மாட்டார். "தேடல் சரியில்லை" என்று அவர் எழுதினாலும், மெயில் தொலைந்துவிட்டது என்றுதான் அவர் மனதில் ஓடும். மெயில் ஆப்பில் அதைவிடப் பெரிய புகார் கிடையாது. கை எண்ணிக்கை பார்த்து வரிசை போடாதீர்கள்.

சென்னை விஷயம் எனக்குப் பழக்கமான வலி. எஃப்டிஎஸ்5-இன் யூனிகோட்61 டோக்கனைசர் (வரியைச் சொற்களாக வெட்டும் பகுதி), எதுவும் சொல்லாமல் விட்டால், யூனிகோடில் எழுத்து, எண் என்று வகைப்படுத்தியதைத்தான் சொல்லின் பாகமாக எடுக்கும். தமிழில் கொம்பு, கால், சுழி, புள்ளி எல்லாம் அந்த வகையில் வராது, அவை எம்என், எம்சி என்ற சேர்க்கைக்குறி வகைகள். ஆகவே அவை வந்த இடத்திலெல்லாம் சொல்லை வெட்டிவிடும். "சென்னை" என்பது ச, ன, ன என்று மூன்று துண்டு. "சின்ன"வும் ச, ன, ன. "சொன்ன"வும் அதே. உங்கள் ஆப்பைப் பொறுத்தவரை மூன்றும் ஒரே சொல்! தேடல் டேபிளை உருவாக்கும்போது கேட்டகரீஸ் என்ற தேர்வில் எம்என், எம்சி இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். டேபிளைப் புதிதாகத்தான் கட்ட வேண்டியிருக்கும்.

அதைச் செய்த கையோடு "கோவை"யைத் தேடிப் பாருங்கள். சில மெயில்கள் சிக்காது. "கோ"வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். இரட்டைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், பைட்டில் வேறு. பழைய மேக் கணினிகளிலிருந்து வரும் இணைப்புக் கோப்புகளின் பெயர்கள் இப்படிப் பிரிந்தே வரும். இன்டெக்ஸில் (தேடல் அட்டவணையில்) போடும் முன்பும் தேடும் முன்பும், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டால் தொல்லை தீர்ந்தது.

சப்ஜெக்ட் உடைவது இன்னும் சுவாரஸ்யம். மெயில் தலைப்புகளுக்கான விதியான ஆர்எஃப்சி 2047-இன்படி, ஆஸ்கி (அடிப்படை ஆங்கில எழுத்துகள்) அல்லாத தலைப்பைக் குறியாக்கித் துண்டு துண்டாக அனுப்ப வேண்டும், ஒரு துண்டு 75 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. முன்னொட்டும் பின்னொட்டும் போக, பைட்டுகளை ஆங்கில எழுத்துகளாக எழுதும் பேஸ்64-இல் ஒரு துண்டுக்குள் 45 பைட் அடங்கும். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் 3 பைட். 45-ஐ 3 மீதியின்றி வகுக்கும், ஆக முழுத் தமிழ் வரி பிழைத்துக்கொள்கிறது. நடுவில் ஒரு ஸ்பேஸோ எண்ணோ வந்தால் அது 1 பைட், கணக்கு தப்பி, ஒரு குறி இரண்டு துண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. "சில மெயிலில் மட்டும்" என்று அவர் சொன்னது இதனால்தான் இருக்கும். குறியை நடுவில் வெட்டக் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. அனுப்பும் மென்பொருள் எல்லாம் அதைப் படித்துவிட்டா எழுதப்படுகின்றன? அடுத்தடுத்த துண்டுகளைத் தனித்தனியாக எழுத்தாக்காமல், முதலில் பைட்டுகளாக ஒட்டி, கடைசியில் ஒரே தடவையாக மாற்றுங்கள்.

எதற்கும் அவரிடம் மெயிலின் மூல வடிவத்தைக் கேட்டு வாங்குங்கள். ஸ்கிரீன்ஷாட்டை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. உள்ளடக்கத்தை அழித்துவிட்டுத் தலைப்புகளை மட்டும் அனுப்பினால் போதும் என்று நீங்களே சொல்லிவிட்டால் கூச்சமில்லாமல் அனுப்புவார்கள்.

ஓஆத்_அகதி:

வாராந்திர லாகின் மர்மம் எளிது. கன்சோலில் உங்கள் ஆப் இன்னும் டெஸ்டிங் நிலையில் இருக்கிறது. அந்த நிலையில் தரப்படும், லாகினை நீட்டிக்கும் சாவியான ரெஃப்ரெஷ் டோக்கனுக்கு 7 நாள்தான் ஆயுள். டெஸ்ட் பயனர்களும் 100 பேரைத் தாண்ட முடியாது. உங்கள் கோடில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

ஐமேப் அனுமதி கூகுளின் வகைப்பாட்டில் கட்டுப்பாடு அதிகமான (ரெஸ்ட்ரிக்டட்) வகையில் வருகிறது. புரொடக்‌ஷனுக்குப் போய்ச் சரிபார்ப்பு வாங்க வேண்டும்: உங்கள் சொந்த டொமைனில் தனியுரிமைக் கொள்கை, அனுமதியை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்று காட்டும் வீடியோ. இழுத்தடிக்கும், ஆனால் நடக்கும். பயனரின் மெயில் உங்கள் சர்வர் வழியாகப் போனால் அதற்குமேல் ஆண்டுதோறும் பாதுகாப்புத் தணிக்கையும் உண்டு, அதன் செலவு தனி ஆளுக்குக் கட்டுப்படியாகாது. ஏஐ சுருக்கம், போன் நோட்டிஃபிகேஷன் என்று ஆசைப்பட்டு ஒரு சின்ன சர்வர் வைத்தீர்களோ, அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். ஏஐ கேட்பவர்களுக்கு இதையே பதிலாக எழுதலாம், புரிந்துகொள்வார்கள்.

அதுவரை, இரட்டைச் சரிபார்ப்பு போட்டிருக்கும் ஜிமெயில்காரர்களை ஆப் பாஸ்வேர்ட் (ஓர் ஆப்புக்கென்றே கூகுள் தரும் தனிக் கடவுச்சொல்) வழியாக வரச் சொல்லுங்கள். அவுட்லுக் டாட் காமில் அந்தக் கதவு 2024 செப்டம்பரிலேயே அடைபட்டுவிட்டது.

கணக்கு_அக்கா:

தம்பி, நான் கோட் எழுதுபவள் இல்லை; ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. உங்கள் ஆப்பையும் போட்டுப் பார்த்தேன், ஆகவே என் புகாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆப்பில் நான் அழித்த மெயில் எல்லாம் போனில் "ஆல் மெயில்" உள்ளே அப்படியே உட்கார்ந்திருக்கிறது. வருமான வரித் தாக்கலுக்கான ஜூலை 31 நெருங்கும்போது வாடிக்கையாளர்கள் ஒரே ஃபார்ம் 16-ஐ நாலு தடவை அனுப்புவார்கள். எதை அழித்தேன், எதை வைத்தேன் என்ற நிச்சயம் எனக்கு வேண்டும்.

கடையைச் சாத்தினால் என்ன ஆகும் என்று கேட்டவர் நான் இல்லை, ஆனால் அது நியாயமான கேள்வி. கோபித்துக்கொள்ளாமல் பதில் எழுதுங்கள். எங்கள் ஆபீஸில் ஒரு பழைய மென்பொருள் நின்றுபோய், அதற்குள் இருந்த கடிதங்களை வெளியே எடுக்க நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

பழைய_டெர்மினல்:

அக்கா சொல்வது ஜிமெயிலின் இயல்பு. ஐமேப் வழியாக இன்பாக்ஸில் அழித்தால், செட்டிங்கை மாற்றாதவரை, அது ஆர்க்கைவ் ஆகத்தான் செய்யும். அழிப்பதற்குப் பதிலாக ட்ராஷ் ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். அதோடு, ஜிமெயிலின் எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் நெறிமுறை) வழியாக அனுப்பினால் அதுவே சென்ட் ஃபோல்டரில் ஒரு பிரதி போட்டுவிடும். நீங்களும் ஒன்று போடாதீர்கள்.

கடை சாத்தும் கேள்விக்கு: ஸ்பாரோ என்ற மெயில் ஆப்பை கூகுள் 2012-இல் வாங்கியதும் அதில் புது வசதிகள் வருவது நின்றுபோனது. மெயில்பாக்ஸ் ஆப்பை டிராப்பாக்ஸ் 2013-இல் வாங்கி 2016-இல் மூடியது. காசு கொடுத்தும் ஆசையாகவும் பயன்படுத்தியவர்களுக்கு அந்த நினைவு இருக்கும். "மூட மாட்டேன்" என்று நீங்கள் சத்தியம் செய்தாலும் யாரும் நம்பப் போவதில்லை. மெயில் எல்லாம் அவரவர் சர்வரிலேயே இருக்கிறது, உள்ளூர்ப் பிரதியையும் ஒரே பட்டனில் எம்பாக்ஸாக (மெயில்களைச் சேர்த்துவைக்கும் பொதுவான கோப்பு வடிவம்) எடுத்து, தண்டர்பேர்ட் என்ற இன்னொரு மெயில் ஆப்பில் போட்டுக்கொள்ளலாம் என்று எழுதுங்கள். பட்டன் இல்லையென்றால் காலண்டருக்கு முன்னால் அதைச் செய்யுங்கள்.

நள்ளிரவுத்_தபால்:

எல்லாருக்கும் நன்றி. டோக்கனைசரை மாற்றிப் பார்த்துவிட்டேன். "சென்னை"க்கு இப்போது சென்னை மட்டும்தான் வருகிறது. ஆனால் "சென்னையில்" வருவதில்லை, முன்பு தற்செயலாக வந்துகொண்டிருந்தது போல. சொல்லின் தொடக்கம் பொருந்தினாலே காட்டும் முன்னொட்டுத் தேடலைச் சேர்க்கிறேன். அக்கா, அழிக்கும் விஷயம் அடுத்த வெளியீட்டில் சரியாகிவிடும். எம்பாக்ஸ் பட்டனும் அதில்தான் வரும்.

பழைய_டெர்மினல்:

"மதுரை" என்று தேடினால் "மதுரையில்" வரும், ஆனால் "பழம்" என்று தேடினால் "பழத்தை" வராது. அதையும் கேட்பார்கள், இப்போதைக்கு விடுங்கள். புது வெளியீட்டில் இன்டெக்ஸை மறுபடி கட்டும் நேரத்தில் பழைய மெயில்கள் தேடலில் வராது. எத்தனை முடிந்தது, எத்தனை பாக்கி என்று தேடல் பெட்டிக்குக் கீழேயே ஒரு வரி காட்டுங்கள். இல்லையென்றால் மறுநாள் காலை "என் மெயில் எல்லாம் காணோம்" என்றுதான் வரும்.