மறு: காயில் கன் – தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம் நண்பர்களே,

காயில் கன் (வெடிமருந்து இல்லாமல், மின்சாரம் பாயும் கம்பிச் சுருளால் உலோகத் துண்டை எறியும் துப்பாக்கி) என்பதற்கு நம் நண்பர் ஒருவர் தமிழ்ப் பெயர் கேட்டிருந்தார். அதற்கு வந்த ஒரு பதில்:

> பேசாமல் 'சுருள்துப்பாக்கி' என்றே வைத்துவிடலாமே. காயில் என்றால் சுருள், கன் என்றால் துப்பாக்கி. இதற்கு மேல் என்ன யோசனை?

இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். நண்பர் எழுதிக்கொண்டிருப்பது, பழைய டிரில் மெஷின் கூட்டுக்குள் எல்லாவற்றையும் அடக்கிச் செய்யும் கையளவு காயில் கன்னைப் பற்றிய கட்டுரை. இயற்பியல் பாடம் படித்த ஒருவர் அதில் 'சுருள்துப்பாக்கி' என்று பார்த்தால், முதலில் நினைவுக்கு வருவது சுருள்வில். ஸ்பிரிங்குக்கு நம் பாடநூல்களில் அதுதானே பெயர்! ஏர் கன்களில் பல வகைகளில் உண்மையிலேயே ஒரு ஸ்பிரிங்தான் விரிந்து, காற்றை அழுத்தி, குண்டைத் தள்ளுகிறது. அப்படியானால் சுருள்துப்பாக்கி என்ற பெயர் அதற்குத்தான் பொருந்தும். தீபாவளிக்கு ரோல் கேப் போட்டுச் சுடும் பொம்மைத் துப்பாக்கியும் நினைவுக்கு வரலாம், அதுவும் காகிதச் சுருள்தான்.

'காந்தத் துப்பாக்கி' என்று இன்னொருவர் சொன்னார். காந்தத்தால் இயங்குவது இது மட்டும் இல்லையே. இரண்டு உலோகத் தண்டுகளுக்கு இடையே எறிபொருளை ஓட்டும் ரெயில் கன்னும் காந்தப்புலத்தால்தான் இயங்குகிறது. வரிசையாக வைத்த நிலைக்காந்தங்களில் எஃகுக் குண்டுகளை மோதவிடும் பள்ளிச் சோதனையையும் அப்படி அழைக்கலாம். காயில் கன்னுக்கு ஆங்கிலத்தில் உள்ள இன்னொரு பெயரான காஸ் கன்னை வைத்து 'காஸ் துப்பாக்கி' என்பது வேண்டவே வேண்டாம். காஸ் என்ற கணித மேதையின் பெயர் அது என்று தெரியாதவர்கள் எரிவாயுவில் சுடும் துப்பாக்கி என்றே படிப்பார்கள்.

பெயர் வைக்கும் முன் உள்ளே நடப்பதைப் பார்த்துவிடுவோம். சாதாரணத் துப்பாக்கியில் வெடித்த வாயு குண்டைப் பின்னால் இருந்து தள்ளுகிறது. இங்கே தள்ளல் இல்லை. குழலைச் சுற்றிச் செப்புக் கம்பி சுற்றியிருக்கிறது. மின்தேக்கியில் சேர்த்துவைத்த மின்னூட்டம் சில மில்லிநொடிகளுக்குள் அதில் பாய்ந்ததும், குழலின் பின்பக்கம் நிற்கும் இரும்புத் துண்டைச் சுருள் தன் நடுவை நோக்கி இழுக்கிறது. நடுவுக்கு வந்ததும் இழுப்பு சுழியம் ஆகிவிடும். அதைத் தாண்டியும் மின்னோட்டம் நீடித்தால், வேகமாகப் போகும் துண்டை அதே சுருள் திரும்பவும் நடுவுக்கே இழுக்கும். ஆகவே இழுப்பதைவிடச் சரியான நேரத்தில் விடுவதுதான் இந்தக் கருவியின் நுட்பம். மின்னோட்டத்தைத் திறந்துவிடும் மின்னணு சுவிட்சாகத் தைரிஸ்டர் போட்டால் நேரடி மின்னோட்டத்தை நடுவழியில் நிறுத்த முடியாது, அது தானாகச் சுழியத்துக்கு இறங்கும் வரை காத்திருக்க வேண்டும். ஐஜிபிடி என்ற இன்னொரு வகை சுவிட்ச் என்றால் நினைத்த நேரத்தில் நிறுத்தலாம்.

இந்த இழுப்பைப் பெயரிலேயே கொண்டுவரத்தான் 'ஈர்சுருள் துப்பாக்கி' என்று முதலில் எழுதிப் பார்த்தேன். ஊறுகாய், சுடுகாடு போல வினைத்தொகை, சொல்லவும் நன்றாக இருக்கிறது. ஆனால் ஈருருளி என்று பழகிய கண்ணுக்கு 'ஈர்' என்றால் இரண்டு. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு, மூன்று சுருள்கள் வைக்கும் கருவி இது என்பதால் அந்தக் குழப்பம் சின்னக் குழப்பம் இல்லை. தவிர, எல்லா வகையும் இழுப்பதும் கிடையாது. தூண்டல் வகையில் இரும்புக்குப் பதில் அலுமினிய வளையம் இருக்கும். அதில் எழும் தூண்டு மின்னோட்டத்தைச் சுருளின் புலம் விலக்கித் தள்ளுகிறது. கல்லூரி ஆய்வகங்களில் மின்சாரம் கொடுத்ததும் எகிறிக் குதிக்கும் வளையம் நினைவிருக்கும், அதே தத்துவம்தான். இரண்டையும் தாங்குகிற பொதுப்பெயர் வேண்டும்.

என் முன்மொழிவு: மின்சுருள் துப்பாக்கி.

'மின்' சேர்ந்ததும் ஸ்பிரிங்கும் ரோல் கேப்பும் ஒதுங்கிவிடுகின்றன. 'சுருள்' இருப்பதால் ரெயில் கன்னோடு கலக்காது, அதில் மின்னோட்டம் இரண்டு தண்டுகளின் வழியாகவும் எறிபொருளின் வழியாகவுமே பாய்கிறது. அதை 'மின்தண்டுத் துப்பாக்கி' என்று சொல்லிவிட்டால் இரண்டும் சோடியாக நிற்கும். 'தண்டவாளத் துப்பாக்கி' கூடாது. உலகப் போர்களில் ரயில் பெட்டிமேல் ஏற்றிச் சுட்ட பெரும் பீரங்கிகள் இருந்தன, அந்தப் பெயர் அவற்றுக்குத்தான் சேரும்.

அளவு மாறினாலும் இந்தச் சொல் கைகொடுக்கும். நார்வே இயற்பியலாளர் கிறிஸ்டியன் பிர்க்கலாண்ட் 1901-இல் காப்புரிமை கேட்டது இதே தத்துவத்தில் அமைந்த பீரங்கிக்குத்தான். 1903 மார்ச்சில் பல்கலைக்கழக அரங்கில் அதை எல்லோருக்கும் இயக்கிக் காட்டியபோது குறுக்குச்சுற்று ஏற்பட்டு, பெரும் சத்தத்தோடு மின்வில் (காற்றின் ஊடாகத் தொடர்ந்து பாயும் மின்பொறி) எரிந்தது. அந்த மின்வில்லைக் கொண்டு காற்றிலுள்ள நைட்ரசனைப் பிடித்து உரம் செய்யும் முறையைப் பொறியாளர் சாம் ஐடேவோடு சேர்ந்து உருவாக்கினார், 1905-இல் நோர்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் அதிலிருந்துதான் பிறந்தது. தோற்றுப்போன ஒரு கருவியிலிருந்து ஒரு நாட்டின் தொழில்துறை கிளைத்த கதை, எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காது. அவர் கருவியை மின்சுருள் பீரங்கி என்போம். நிலவிலிருந்து கனிமங்களை விண்ணுக்கு அனுப்பலாம் என்று அமெரிக்க இயற்பியலாளர் ஜெரார்ட் ஓ'நீல் 1970-களில் முன்வைத்தது மின்சுருள் முடுக்கி.

> 'துப்பாக்கி' என்ற சொல்லே வேண்டாம், 'முடுக்கி' என்றால் மென்மையாக இருக்கும்.

இதில் எனக்கு உடன்பாடு இல்லை ஐயா. கையில் பிடித்து, விசையை அழுத்தினால் குழலிலிருந்து இரும்பு பாய்கிற ஒன்றுக்கு மென்மையான பெயர் வைத்தால் படிப்பவரை ஏமாற்றியதாகும். 1959-ஆம் ஆண்டு இந்திய ஆயுதச் சட்டம் சுடுகலனுக்குத் தரும் வரையறையில் வெடிமருந்தோடு 'வேறு வகை ஆற்றல்' என்பதும் இருக்கிறது. கட்டுரையைப் படித்துவிட்டுச் செய்துபார்க்க நினைக்கும் பையனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

அவனுக்கு அதைவிட முக்கியமாகத் தெரிய வேண்டியது மின்தேக்கியைப் பற்றி. 400 வோல்ட்டில் 1000 மைக்ரோஃபாரடு என்றால் அதில் தேங்கும் ஆற்றல் 80 ஜூல். வீட்டில் செய்யும் கருவிகளில் எறிபொருளுக்குப் போய்ச் சேர்வது பெரும்பாலும் அதில் சில விழுக்காடுதான், மிச்சம் கம்பியைச் சூடாக்கிவிட்டுப் போகும். அதனால் குழலின் முன்னால் நிற்பதைவிட, அணைத்துவிட்டோம் என்ற நினைப்பில் கூட்டைத் திறந்து, மின்னூட்டம் மிச்சமிருக்கும் மின்தேக்கியருகே கை விடுவது ஆபத்தானது. டிரில் கூடு நெருக்கமானது, முனைகள் எங்கே இருக்கின்றன என்று கண்ணுக்கே தெரியாது. மிச்ச மின்னூட்டத்தை மெல்ல வடித்துவிடும் பிளீடர் ரெசிஸ்டருக்கு வடிதடை என்று சொல்லலாம். அதைக் கட்டுரையின் கடைசியில் அருஞ்சொற்பொருளாகப் போடாமல், முதல் பத்தியிலேயே விளக்கத்தோடு எழுதும்படி நண்பரைக் கேட்டுக்கொள்கிறேன்.

அப்புறம், நடுவைத் தாண்டிய துண்டு திரும்ப இழுபடுவதற்குப் பின்னிழுப்பு என்பது போதும்.

ஒன்றன்பின் ஒன்றாக வைக்கும் சுருள்களில் ஒவ்வொன்றையும் குறிக்கும் ஸ்டேஜ் என்பதற்குத்தான் இன்னும் முடிவாகவில்லை. 'கட்டம்' என்றால் வரைபடக் கட்டமும், மாறுதிசை மின்னோட்டத்தின் ஃபேஸும் (phase) குறுக்கே வருகின்றன. 'அடுக்கு' என்றால் கம்பியை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றும் அடுக்கோடு மோதும். 'மூன்று படி மின்சுருள் துப்பாக்கி' எனக்குச் சரியாகப் படுகிறது. நாம் மின்தேக்கி என்பதைக் கொள்ளளவி என்றும் எறிபொருளை எறியம் என்றும் சொல்லும் இலங்கை நண்பர்கள், அங்கே பல படி மின்சுற்றுகளை எப்படி எழுதுகிறார்கள் என்று சொன்னால் நல்லது. ஞாயிற்றுக்கிழமைக்குள் மடல் வந்தால் கட்டுரையில் சேர்த்துவிடலாம்.