பெண்கள் வரலாற்று ஆவணப்படம், டிவி நிகழ்ச்சி: உங்களை இன்னும் விடாத ஒரு காட்சி எது?

பின்வரிசை

எனியாக் என்ற அமெரிக்காவின் ஆரம்பகால மின்னணுக் கணினியில் வேலை செய்த பெண்கள் பற்றிய படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள், அதனால் கதைக்குள் போகவில்லை. 1946, ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள், ஒரு கூடம் முழுக்க இயந்திரம், அதற்கு நிரல் எழுதிய ஆறு பெண்கள். "எழுதிய" என்பதுகூடச் சரியில்லை. எழுத அப்போது மொழி ஏது? கம்பியைப் பிடுங்கிச் செருகித்தான் கணக்கைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

என்னை விடாதது அந்தப் புகைப்பட விவகாரம். இவர்கள் வரலாற்றைப் பின்னாளில் வெளிக்கொண்டுவந்த கேத்தி கிளைமன் கல்லூரியில் படிக்கும்போது பழைய படங்களில் இயந்திரத்தின் அருகே பெண்கள் நிற்பதைப் பார்த்துவிட்டு, யார் இவர்கள் என்று விசாரிக்கிறார். கிடைத்த பதில்: மாடல்கள். ஃபிரிட்ஜ் விளம்பரத்தில் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு ஒரு பெண் நிற்பாரே, அந்த மாதிரி, இயந்திரம் எடுப்பாகத் தெரிவதற்காக நிறுத்தி வைத்தவர்களாம்.

இந்த இடத்தில் மற்றவர்களுக்குக் கோபம் வந்திருக்கும். எனக்கு வயிற்றைக் கலக்கியது. கல்லூரி செமினாரில் எனியாக் படம் ஒன்றை நானும் போட்டிருக்கிறேன். ஸ்லைடில் இயந்திரம் பெரிதாகத் தெரியட்டும் என்று இரண்டு பக்கமும் வெட்டினேன். இரண்டு பக்கமும் நின்றது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. நல்ல கைதட்டல் கிடைத்தது.

நூலகப்பூனை

கவலைப்படாதீர்கள், உங்களுக்கு முன்பே அந்த வேலையைச் செய்துவிட்டார்கள். அதே 1946ல் அமெரிக்க ராணுவத்தின் ஆள்சேர்ப்பு விளம்பரத்தில் எனியாக் படம் வந்தது. பெண்களை வெட்டிவிட்டு, முன்னால் நின்ற ராணுவ வீரரை மட்டும் விட்டுவைத்தார்கள். அறிமுக நாளன்று நடந்த விருந்துக்கும் அந்த ஆறு பேருக்கு அழைப்பில்லை. என் கதை அப்புறம் சொல்கிறேன்.

ஈரிழை

தமிழில் குரல் கொடுத்து ஓடிய ஒரு அறிவியல் நிகழ்ச்சி. சேனல் பெயர் வேண்டாம். டிஎன்ஏ பற்றிய பகுதி. வாட்சன் ஆராய்ந்துகொண்டிருந்தார், கிரிக் அவருடன் சேர்ந்தார், வில்கின்ஸ் வந்தார். அடுத்த வரி: "ரோசலிண்ட் தன் ஆய்வகத்தில் தனியாக இருந்தாள்."

இருந்தாள்! ஆண்கள் மூவரும் 'ஆர்' போட்டு நடமாட, இவர் மட்டும் எடுத்தாள், மறுத்தாள், கோபப்பட்டாள். மூலத்தில் இந்த வித்தியாசம் இருந்திருக்கவே முடியாது, ஹீ என்றும் ஷீ என்றும் சமமாகப் போயிருப்பார்கள். மரியாதையைக் கழித்தது நம் ஆள். இத்தனைக்கும் மார்ச் 8 சிறப்பு நிகழ்ச்சி.

பக்கத்தில் என் பையன், ஒன்பது வயது. "அம்மா, அவங்க சின்னப் பொண்ணா?" என்று கேட்டான். இல்லைடா, முப்பதைத் தாண்டியவர், 1952ல் டிஎன்ஏவின் அமைப்பைக் காட்டிய அந்த 51ஆம் எக்ஸ்-கதிர் படத்தை எடுத்தவர், பார்க்கப்போனால் வாட்சன்தான் இவரைவிட ஏறக்குறைய எட்டு வயது சின்னவர் என்றேன். "அப்புறம் ஏன்?" என்றான். ரிமோட்டைத் தேடுவது போல எழுந்து உள்ளே போய்விட்டேன். ரிமோட் என் கையில்தான் இருந்தது.

கணக்குநோட்டு

ஈரிழை, ஒரு திருத்தம். 51ஆம் படத்தை எடுத்தது ரேமண்ட் காஸ்லிங், ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் மேற்பார்வையில் இருந்த ஆராய்ச்சி மாணவர். கருவியைச் சீராக்கி, இழையின் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தி, அப்படியொரு படம் விழும்படி செய்தது ஃபிராங்க்ளின். அதைச் சொன்னால் அவர் பெருமை குறைந்துவிடாது, தெளிவாகத்தான் தெரியும்.

இன்னொன்று, 'அவர்' போட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா? நான் ஆசிரியை. ஜோசலின் பெல் பற்றி மரியாதையாக ஒரு பத்தி எழுதி வகுப்பில் கொடுத்தேன். 1967, ரேடியோ தொலைநோக்கியிலிருந்து தினமும் நூறு அடிக்குப் பக்கமாகக் காகிதச் சுருள் வரும், அதில் ஒரு சின்னக் கிறுக்கல் மாதிரி இருந்ததை விடாமல் கவனித்தார், பல்சார் என்கிற துடிப்பு விண்மீன் கிடைத்தது, 1974ல் நோபல் பரிசு அவருடைய வழிகாட்டிக்கும் இன்னொருவருக்கும் போனது. எல்லாம் கவனித்தார், கண்டறிந்தார், விடவில்லை என்று 'ஆர்' விகுதியில்தான். படித்துவிட்டு அந்த விஞ்ஞானியை வரையுங்கள் என்றேன். ஒன்றிரண்டைத் தவிர எல்லாத் தாளிலும் தாடி வைத்த மனிதர். ஜோசலின் ஆணா பெண்ணா என்று அந்தப் பெயரை வைத்து அவர்களால் சொல்ல முடியாது, என் தமிழும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் அவரே பேசும் நிகழ்ச்சியைப் போட்டேன். நரைத்த தலையோடு ஓர் அம்மா திரையில் பேச ஆரம்பித்ததும் வகுப்பு அமைதியானது. பிறகு சரக் சரக்கென்று ஒரு சத்தம். முதல் பெஞ்சில் ஒரு பெண் ரப்பரால் தாடியை அழித்துக்கொண்டிருந்தாள். அது முழுசாகப் போகவில்லை. மோவாயில் சாம்பலாக அப்பிக்கொண்டது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஈரிழை

காஸ்லிங் விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'அவர்' போட்டு ஓர் இடத்தில் 'அந்தப் பெண்மணி' என்று சொல்லியிருந்தால் உங்கள் வகுப்பில் தாடி முளைத்திருக்காதே டீச்சர்? அதற்காக 'அவள்' போடலாம் என்று ஆகிவிடாது.

சட்டம்பேசி

ஃபிராங்க்ளின் பேச்சு வந்ததால் சொல்கிறேன். "1958ல் 37 வயதில் இறந்துவிட்டார், 1962ல் வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவருக்கும் நோபல் பரிசு தரும்போது இறந்தவருக்குத் தரக்கூடாது என்ற விதி இருந்தது" என்று ஒரு நிகழ்ச்சி விடாமல் சொல்கிறார்கள். அந்த விதி இன்றைய வடிவத்துக்கு வந்தது 1974ல். அதற்கு முன் உயிரோடு இருக்கும்போது பரிந்துரை வந்திருந்தால் கொடுக்கலாம், 1961 அமைதிப் பரிசு மறைந்த ஐ.நா. பொதுச்செயலர் ஹாமர்ஷீல்டுக்குப் போனதே. ஃபிராங்க்ளின் பெயரை அவர் உயிரோடு இருந்தபோது யாரும் பரிந்துரைக்கவில்லை. விதியைக் காட்டிவிட்டால் பரிந்துரைக்காத மனிதர்களைப் பற்றிப் பேச வேண்டாம், அவ்வளவுதான். எனக்குச் சொந்த அனுபவம் எதுவும் இல்லை, டிவியோடு சண்டை போட்டதைத் தவிர.

வெட்டுமேசை

எடிட்டிங்கில் இருந்தேன், அதனால் உள்ளே இருந்து ஒன்று. சாதனைப் பெண்கள் என்று அரைமணி நேர நிகழ்ச்சி. ஒரு மூத்த பொறியாளர், பேட்டி இரண்டு மணி நேரம், எல்லாம் அருமை. முடிந்ததும் இயக்குநர், "மேடம், அப்படியே கிச்சன்ல ஒரு ஷாட் எடுத்துக்கலாமா, குடும்பத்தையும் பார்த்துக்கிறீங்கன்னு வரணும்" என்றார்.

அவர் சிரித்தார். கோபமே இல்லை. "போன வாரம் என் கூட வேலை செஞ்சவரைப் பேட்டி எடுத்தீங்களே, அவர் கிச்சன் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். கேமரா ஓடிக்கொண்டிருந்ததால் எல்லாம் பதிவாகிவிட்டது. கேள்வி, அதற்குப் பிறகு ஒரு மௌனம், யாரோ தொண்டையைக் கனைப்பது, எல்லாம் சேர்த்துப் பதினோரு விநாடி.

அந்த மொத்த நிகழ்ச்சியிலும் அதைவிட நல்ல பதினோரு விநாடி கிடையாது. நான்தான் வெட்டினேன். சொன்னார்கள், வெட்டினேன். கிச்சன் ஷாட் கிடைக்காததால் தொட்டிச் செடிக்கு அவர் தண்ணீர் ஊற்றுவதை வைத்து இசையைப் போட்டோம்.

மூன்றாம்மாடி

எல்லாரும் நல்ல அனுபவங்களைப் பகிர்ந்திருக்கிறீர்கள். என்னுடையது சின்னது: விண்வெளிக்குப் போவதற்கான சோதனைகளில் தேறிய 13 அமெரிக்கப் பெண் விமானிகளைப் பற்றிய மெர்குரி 13 படத்தை மகளுக்குப் போட்டேன், பத்தாவது நிமிடம் தூங்கிவிட்டாள்.

ஆனால் அதிலிருந்து நான் கற்றதைச் சொல்கிறேன், பிள்ளைகள் வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும். முதலில், முழுப் படத்தையும் போடாதீர்கள். ஒரு காட்சி போதும். அவர்களில் ஒருவரான ஜெர்ரி காப் 1962ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் உட்கார்ந்திருப்பதைக் காட்டுங்கள், நிறுத்துங்கள், என்ன நடந்திருக்கும் என்று கேளுங்கள். விண்வெளி வீரராக ராணுவ ஜெட் சோதனை விமானியாக இருந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை, ராணுவ ஜெட் ஓட்டப் பெண்களுக்கு அனுமதியே இல்லை. இந்தச் சுற்றுவழியைப் பிள்ளைகள் நம்மைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள். அடுத்த ஆண்டே, 1963 ஜூனில், சோவியத்திலிருந்து தெரஷ்கோவா போய் 48 முறை பூமியைச் சுற்றிவிட்டு வந்ததை அதன் பிறகு சொல்லுங்கள், முன்னாடியே சொல்லிவிடாதீர்கள். இன்னொன்று, பழைய காட்சி எது, நடிகர்களை வைத்து எடுத்தது எது என்று பிரித்துக் காட்டப் பழக்குங்கள். இன்னொன்று, படம் முடிந்ததும் "என்ன கற்றுக்கொண்டாய்" என்று கேட்கவே கேட்காதீர்கள், பரீட்சை ஆகிவிடும். மார்ச் மாதத்தில் போடாதீர்கள், பள்ளியிலும் அதையே போடுவார்கள், சலித்துவிடும். ஒலியைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். இரவு உணவுக்குப் பிறகு போடாதீர்கள்.

சட்டம்பேசி

மூன்றாம்மாடி, யாரும் கேட்கவில்லையே. ஆனாலும் ஒன்று: அந்த 13 பேரும் நாசாவின் தேர்வில் வென்றார்கள் என்று அந்தப் பெயரை வைத்து நினைத்துக்கொள்கிறார்கள், மெர்குரி என்பது நாசா திட்டத்தின் பெயர் என்பதால். அது லவ்லேஸ் என்ற மருத்துவர் தனியார் பணத்தில் நடத்திய சோதனை. நாசா அழைக்கவே இல்லை.

மூன்றாம்மாடி

நான் எங்கே நாசா என்று எழுதினேன்? அந்த 13 பேரில் ஒருவரான வாலி ஃபங்க் 2021ல், 82 வயதில், விண்வெளிக்குப் போய்விட்டு வந்தார். மகள் முழித்திருந்து பார்த்தது அதை மட்டும்தான்.

நூலகப்பூனை

என் கதை. பெண்கள் வாக்குரிமைக்காகப் போராடிய பிரிட்டன்காரர் எமிலி டேவிசன், 1913 ஜூன் 4, டெர்பி குதிரைப் பந்தயம். அந்தச் செய்திப்படத் துண்டு எல்லா வாக்குரிமை நிகழ்ச்சியிலும் வரும், உங்களுக்கும் தெரிந்திருக்கும். வேலிக்கு அடியில் புகுந்து வருகிறார், அரசரின் குதிரை மோதுகிறது, நான்கு நாள் கழித்து இறக்கிறார்.

பாட்டியோடு பார்த்தேன். வாக்குரிமை, சிறை, உண்ணாவிரதம், வலுக்கட்டாயமாக உணவு ஏற்றியது என்று எல்லாவற்றையும் நான் விளக்கிக்கொண்டே இருந்தேன். அந்த இடத்தை மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். பாட்டி, "இன்னொரு தடவை போடு" என்றார். போட்டேன். "இன்னொரு தடவை." நான்காவது முறை முடிந்ததும், "குதிரை எழுந்துச்சா?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு சொல்லியும் குதிரையா? எழுந்தது பாட்டி, ஆள் இல்லாமலே ஓட்டத்தை முடித்தது என்றேன், கொஞ்சம் வெடுக்கென்று. அவர் திரையைப் பார்த்தபடியே, "அதானே. அதுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சுத்தான் போயிருப்பா" என்றார்.

அதன் பிறகு அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது கேட்க அவர் இல்லை.

சட்டம்பேசி

சாக நினைத்துப் போகவில்லை என்பதற்குத் திரும்பி வரும் ரயில் டிக்கெட் வைத்திருந்ததைக் காட்டுவார்கள். அந்த நாள் சலுகைப் பயணச்சீட்டே போக வர சேர்த்துத்தான் என்று மறுப்பவர்களும் உண்டு. இதை வாதத்துக்காகச் சொல்லவில்லை. உங்கள் பாட்டி சொன்னதை நான் எந்த நிகழ்ச்சியிலும் கேட்டதில்லை.

ஒலிநாடா

ஹாலிவுட் நடிகை ஹெடி லாமார் பற்றிய படம். அவரைப் பற்றி எழுதத் தொலைபேசியில் பேட்டி எடுத்த பத்திரிகையாளர், 1990ல் பதிவு செய்த கேசட்டுகளை வைத்துக்கொண்டு, யாராவது கேட்டு வருவார்கள் என்று இருபத்தைந்து வருஷம் காத்திருந்ததாகச் சொல்வார். 1942ல் காப்புரிமை வாங்கிய, ரேடியோ சிக்னலை எதிரி குலைக்காதபடி அதிர்வெண்ணை மாற்றிக்கொண்டே இருக்கும் உத்தியைப் பற்றி லாமாரே பேசிய குரல் அப்படித்தான் கிடைத்தது. எங்கள் அத்தை டெலிபோன் ஆபரேட்டர். அவர் பேசி ஒரு கேசட் இருந்தது. பன்னிரண்டு வயதில் அதன் மேல் சினிமாப் பாட்டைப் பதிந்தது நான். இரண்டு பாட்டுக்கு நடுவில் "ஹலோ, நம்பர்?" என்று ஒரு நொடி மட்டும் வரும்.

பின்வரிசை

வெட்டுமேசையும் ஒலிநாடாவும் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று பழைய ஹார்ட் டிஸ்கைத் தோண்டினேன். அந்த ஸ்லைடு கிடைத்துவிட்டது. இரண்டு பக்கமும் சுத்தமாக வெட்டியதாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இடது ஓரத்தில் முழங்கை வரை ஒரு கை மிச்சம் இருக்கிறது. கம்பியைப் பிடித்திருக்கிறது. செமினாரில் அதை யாரும் கேட்கவில்லை.